கைதூக்கி பெருமாள்

ஏசியைக் கொஞ்சம் குறைச்சு வைங்க தம்பி. முட்டிக்கு ஆகாது. இந்த வலது முட்டி என்னோடதுன்னு நெனைக்காதீங்க, அது அம்பலவாணா மில்லோடது. பன்னெண்டு வருஷம் அவங்களுக்காகக் குதிச்சுக் குதிச்சு உள்ள இருந்த ஜவ்வெல்லாம் தேஞ்சு போச்சு. மழை வருதுன்னா ஒருநாள் முந்தியே எனக்குச் சொல்லிரும்.

மெதுவாவே போங்க. அஞ்சு மணிக்குத்தான ஃபைனல், இப்ப மூணு கூட ஆகல. எபனேசர் என்ன சொல்லி அனுப்பினான் உங்ககிட்ட? நெட்டையா ஒருத்தர் ஜங்ஷன்ல நிப்பாரு, நெத்தியில திருநீறு இருக்கும்னா? ஆறடி ஒரு அங்குலம் இருந்தேன். இப்பக் கொஞ்சம் சுருங்கிட்டேன், எழுபது வயசாச்சுல்ல.

என்னது, அண்ணன்னா சொன்னான்? "எங்க அண்ணனைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க"ன்னா? ம். சரி.

தண்ணி பாட்டில் இருக்கா? குடுங்க.

நீங்க சாமிவிளையா தம்பி? மாமியார் ஊரா, அதான் பாத்தேன். சாமிவிளையில பொறந்தவன் கையில வாலிபால் படாம இருக்க முடியாதே. நீங்க கிரிக்கெட்டா? தப்பில்ல, ஆடுங்க. ஆனா வாலிபால்ல ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுதேன், அது தெரியலைன்னா இன்னைக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கான்னு உங்களுக்கு விளங்காது. எதிராளி வலைக்கு மேல பந்தை ஓங்கி அடிக்கான். நாம வலைக்கு இந்தப் பக்கம் கையைத் தூக்கிக் குதிச்சுத் தடுக்கோம். பந்து நம்ம தலைக்கு மேல பறந்து கோட்டுக்கு வெளிய போய் விழுது. யார் மேலயும் படாமப் போயிருந்தா பாயிண்ட் நமக்கு. நம்ம விரல் நுனியில லேசா ஒரசிட்டுப் போயிருந்தா பாயிண்ட் அவனுக்கு. ஒரசுச்சா ஒரசலையான்னு அம்பயருக்குத் தெரியாது பல சமயம். விரலுக்குத் தெரியும்.

அதைத்தான் கை தூக்குறதுன்னு சொல்லுவாங்க. ஒரசுச்சுன்னா நாமளே கையைத் தூக்கிக் காட்டிரணும். அம்பயர் கேக்காமலே.

வேலாயுதப்பெருமாள்ங்கிற என் பேரு எந்த ஊர்லயும் யாருக்கும் தெரியாது. கைதூக்கி பெருமாள்னு கேளுங்க, பழைய ஆட்டக்காரங்க எந்திரிச்சு நாற்காலி போடுவாங்க. எழுபத்தொம்பதுல ஒரு ஃபைனல். எனக்கு இருவத்திநாலு வயசு, எங்க ஊர் டீமுக்கு ஆடுதேன். கடைசி செட்டு. அவங்க பதினாலு, நாங்க பதிமூணு. அப்பல்லாம் சர்வீஸ் யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான் பாயிண்ட், சர்வீஸ் அவங்ககிட்ட. அவன் அடிச்சான், நான் குதிச்சேன், பந்து வெளிய போய் விழுந்துச்சு. எங்க பசங்க தப்பிச்சோம்டான்னு கத்துதாங்க. நான் கையைத் தூக்கினேன்.

ஜெயிக்க வேண்டிய கப்பு போச்சு. ஆனா கூட்டம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு பாருங்க, தோத்த டீமுக்கு அப்படி ஒரு கைதட்டல் நான் அதுக்கப்புறம் எங்கயும் கேக்கல. முன்வரிசையில அம்பலவாணா மில் முதலாளி உக்காந்திருந்தாரு. மறுநாள் ஆள் விட்டாரு. இந்த மாதிரி நேர்மையான ஒருத்தன் நம்ம மில் டீம்ல இருக்கணும்னு.

ஆமா, ஆடுறதுக்குச் சம்பளம். அந்தக் காலத்துல அதை யாரு நம்புவா? எங்க அப்பா கடைசி வரைக்கும் நம்பல. காலையில மில் வாசல்ல அட்டை பஞ்ச் பண்ணணும், வருகைப் பதிவுல நான் ஸ்பின்னிங் தொழிலாளி. ஒரு நூலு இழுத்ததில்ல தம்பி. பின்பக்கம் மைதானத்துக்குப் போயிருவோம். முட்டை, பால், கறி எல்லாம் மில் கேன்டீன்ல தனியா. நிஜமா வேலை பாக்குறவங்க எங்களைப் பாக்கிற பார்வை இருக்கே, அது வேற கதை. பன்னெண்டு வருஷம் ஆடுனேன், அம்பத்தாறு கப்பு. முட்டி போனதும் முதலாளி கூப்பிட்டு, பெருமாளு நீரு வெளிய உக்காந்து டீமைப் பாத்துக்கோரும்னாரு. மேனேஜர். தனி நாற்காலி, தொப்பி, கழுத்துல விசில்.

இது கிருஷ்ணாபுரமா? நிப்பாட்டுங்க தம்பி, ஒரு டீ குடிச்சிருவோம். நேரம் கெடக்கு.

சரி, ஏறுங்க. டீ நல்லாத்தான் இருந்துச்சு.

எபனேசரை நான்தான் மில்லுக்குக் கொண்டுவந்தேன். தொண்ணூத்தி ரெண்டுல. பனங்காட்டுக்குள்ள ஒரு மண் மைதானத்துல ஆடிட்டிருந்தான். குதிச்சான்னா இறங்க மறந்துட்டானோன்னு தோணும், அவ்வளவு நேரம் மேல நிப்பான். வந்ததும் என் காலைத் தொட்டான். "அண்ணே, எங்க அப்பா உங்க கதையைச் சொல்லித்தான் எனக்கு ஆட்டம் சொல்லிக்குடுத்தாரு"ன்னான். நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கமாட்டேனே. தினமும் காலையில ஓட்டம் முடிஞ்சதும் பன்னெண்டு பேரையும் உக்காரவச்சு அந்த எழுபத்தொம்பது ஃபைனலைச் சொல்லுவேன். கப்பு இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும், தூக்குன கையை எவனும் எறக்க முடியாதுன்னு சொல்லுவேன். மத்தவனெல்லாம் கொட்டாவி விடுவான். இவன் மட்டும் கேப்பான்.

தொண்ணூத்தி அஞ்சு ஃபைனல்ல தோத்தோம். அதுல அவன்மேல எனக்குக் கொஞ்சம் வருத்தம். லேசா கோவப்பட்டுட்டேன். அப்புறம் அவன் மில்லை விட்டு ஊருக்குப் போயிட்டான். முப்பது வருஷமாச்சு, பாக்கல. அவ்வளவுதான்.

போன மாசம் போன் வருது. "அண்ணே, நான் எபனேசர் பேசுதேன்." ஊர்ல மே மாசம் ஒரு டோர்னமெண்ட் நடத்துதானாம், இருவத்தஞ்சாவது வருஷமாம். அதுல ஒரு வழக்கம் வச்சிருக்காங்களாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதா? மத்த எல்லா ஊர்லயும் கோட்டு மூலைக்கு ஒருத்தன் கொடியோட நிப்பான், லைன்ஸ்மேன்னு பேரு. பந்து வெளிய போச்சுன்னா கொடியை மேல தூக்குவான். கையில ஒரசிட்டுப் போச்சுன்னா தூக்குன கொடி நுனியில இன்னொரு உள்ளங்கையை வைப்பான். சாமிவிளையில அந்த ஆளே கிடையாதாம். கொடியே கிடையாதாம். ஒரசுச்சுன்னா ஆடுறவன்தான் சொல்லணுமாம். அப்படிக் கை தூக்குற ஒருத்தனுக்குக் கடைசி நாள் ஒரு கப்பு தாராங்களாம். என் பேர்ல. இருவத்தஞ்சு வருஷமா என் பேர்ல குடுத்துட்டிருக்கான் தம்பி, நான் கேள்விப்படவே இல்ல. "இந்த வருஷம் நீங்களே வந்து உங்க கையால குடுக்கணும், அந்தக் கதையை மேடையில ஒரு தடவை உங்க வாயால சொல்லணும்"ங்கான்.

வரலைன்னு சொல்ல வாய் வரல. வாரேன்னு சொல்லவும் வாய் வரல. எங்க வீட்டுல பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருந்தா. "போய் அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க"ன்னா. அவளுக்குப் பாதிதான் தெரியும்.

கருங்குளம் தாண்டிட்டோமா? இவ்வளவு வேகமா எதுக்குப் போறீங்க. அறுபதுதானா? எனக்கு என்னமோ பறக்குற மாதிரி இருக்கு.

லேசா கோவப்பட்டேன்னு சொன்னேன்ல. லேசா இல்ல. கை பட்டுருச்சு. தோள்ல ஒரு தட்டு. சரி, கன்னத்துல. எதுக்கு உங்ககிட்ட மறைக்கேன்னு தெரியல, நீங்க யாரோ நான் யாரோ. அடிச்சேன் தம்பி. மூவாயிரம் பேருக்கு முன்னாடி ஓங்கி ஒரு அறை விட்டேன்.

கேளுங்க. அந்த வருஷம் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, "பெருமாளு, மூணு வருஷமா கப்பு வரல. இந்த வருஷமும் வரலைன்னா எனக்கு டீமும் வேண்டாம், மேனேஜரும் வேண்டாம்." எனக்கு ரெண்டு பொம்பளப்பிள்ளை. நூல் இழுக்கத் தெரியாது, கணக்கு எழுதத் தெரியாது, நாப்பது வயசுல நான் எங்க போவேன்? ஃபைனல்ல கடைசி செட்டு. நாங்க பதினாலு, அவங்க பதிமூணு. அதுக்குள்ள ரூல் மாறிருச்சு, கடைசி செட்டுல சர்வீஸ் யார்கிட்ட இருந்தாலும் பாயிண்ட் உண்டு. அவங்க ஆள் அடிக்கான். எபனேசர் குதிக்கான். பந்து வெளிய விழுது. லைன்ஸ்மேன் சும்மா கொடியை மட்டும் தூக்கிட்டான், வெளியன்னு. அம்பயர் விசில் ஊதிட்டாரு. எங்க பசங்க கட்டிப்பிடிச்சு உருளுதாங்க, கொட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டான். நான் நாற்காலியில இருந்து எந்திரிச்சு முதலாளி பக்கம் திரும்பிக் கும்பிடுதேன்.

அப்பத்தான் கொட்டுச் சத்தம் நின்னுச்சு. திரும்பினா, எபனேசர் நடு மைதானத்துல கையைத் தூக்கிட்டு நிக்கான்.

அம்பயரைப் பாக்கல அவன். என்னைப் பாத்தான். சிரிச்சுக்கிட்டே. பரீட்சையில முதல் மார்க் வாங்கிட்டு வீட்டுக்கு வாரவன் எப்படிச் சிரிப்பான், அப்படி. அண்ணே பாத்தீங்களான்னு கேக்க மாதிரி.

பதினாலு பதினாலு ஆச்சு. அடுத்து ரெண்டே பந்து. கப்பு போச்சு.

அவன் நேரா என்கிட்டதான் வந்தான். அந்தச் சிரிப்பு இன்னும் முழுசாப் போகல. "அண்ணே, ஒரசுச்சுண்ணே"ன்னான். நான் அறைஞ்சேன். அவன் பொண்டாட்டி கயித்துக்கு அந்தப் பக்கம் ஆறு மாசப் பிள்ளையை இடுப்புல வச்சுட்டு நிக்கா. பிள்ளை வீறிட்டு அழுதுச்சு. இவன் கன்னத்தைக்கூடத் தொட்டுப் பாக்கல. என்னையே பாத்துட்டு நின்னான். வலிச்ச மாதிரித் தெரியல. ஒண்ணும் விளங்காத மாதிரி நின்னான்.

கோவத்துல யாரும் அடிக்கத்தான் செய்வாங்க. அதோட விட்டிருந்தா மனுசன்.

அன்னைக்கே முதலாளி ரிப்போர்ட் கேட்டாரு. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும் தம்பி, ஆபீஸ்லயே பாராட்டுவாங்க. "ஆட்டக்காரர் எபனேசர் எதிரணியினருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே புள்ளியை விட்டுக்கொடுத்தார் எனச் சந்தேகிக்கிறேன்." சந்தேகிக்கிறேன்னுதான் எழுதினேன், உறுதியா எழுதலன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். ஒரு வாரத்துல அவன் சீட்டைக் கிழிச்சுட்டாங்க. என் நாற்காலி அப்படியே இருந்துச்சு. இன்னும் ஒம்பது வருஷம் அதுல உக்காந்தேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு டிரங்குப் பெட்டியோட அவன் மில் வாசல்ல நின்னப்ப நான் பின்பக்கக் கேட் வழியா வீட்டுக்குப் போனேன். என்ன கேள்வி கேட்டிருப்பான்? ஒண்ணும் கேட்டிருக்கமாட்டான். போயிட்டு வாரேண்ணேன்னு சொல்லத்தான் நின்னிருப்பான். அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

ஆனா அவன் போன மறுநாள் காலையில ஓட்டம் முடிஞ்சதும் பசங்களை உக்காரவச்சு எழுபத்தொம்பது ஃபைனலைச் சொன்னேன் தம்பி. சொல்லாம இருக்க முடியல. எவனும் என் முகத்தைப் பாக்கல, எல்லாவனும் ஷூ கயித்தைப் பாத்துட்டிருந்தான்.

என்னை எதுக்குத் திரும்பிப் பாக்கீங்க? ரோட்டைப் பாருங்க.

ஆழ்வார்திருநகரி தாண்டி எத்தனை கிலோமீட்டர்? பத்தா? பத்து கிலோமீட்டர்ல சொல்லி முடிச்சிரலாம். இது யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுல அவளுக்கும் தெரியாது. நாப்பத்தாறு வருஷமா தொண்டையில முள்ளு மாதிரி நிக்கி, இன்னைக்கு அந்த மேடையில ஏறுறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது துப்பணும்.

அந்த எழுபத்தொம்பது ஃபைனல். பந்து என் விரல்ல ஒரசுச்சு, நெசம். கீழ இறங்குதேன். கால் தரையில படல இன்னும். எங்க பசங்க கத்துதாங்க. அம்பயர் பந்து விழுந்த இடத்தைப் பாத்துட்டிருக்காரு. எனக்கு ஓரக்கண்ணுல மூலையில நிக்க லைன்ஸ்மேன் தெரியுதான். கொடியைத் தூக்கிட்டான். இன்னொரு உள்ளங்கை கொடி நுனியில இருக்கு. அவன் பாத்துட்டான் தம்பி. அம்பயர் அடுத்த நொடி அவன் பக்கம் திரும்பத்தான் போறாரு. கப்பு எப்படியும் போச்சு.

கையைத் தூக்கினேன்.

அரை நொடி. அவர் திரும்புறதுக்கு முந்தி அரை நொடி. கூட்டத்துக்கு லைன்ஸ்மேன் தெரியல, நான்தான் தெரிஞ்சேன். அந்தக் கொடி மட்டும் மேல போகலைன்னா நான் தூக்கியிருப்பேனா? தூக்கியிருப்பேன்னு ஒரு நாள் தோணும். மறுநாள் தோணாது. இப்ப ரெண்டு மூணு வருஷமா தோணுறதே இல்ல.

ஒரு போட்டோ இருக்கு. நான் கை தூக்கி நிக்கேன், பின்னாடி அந்த ஆளு கொடியோட நிக்கான். ஸ்டுடியோக்காரர் பெரிசாப் போட்டுத் தந்தாரு. அந்த இடது பக்கத்தை வெட்டிருங்க, கசகசன்னு இருக்குன்னேன். வெட்டினாரு. அதைத்தான் சட்டம் போட்டு மில் ஆபீஸ்ல மாட்டுனாங்க. அதைத்தான் எபனேசர் தினமும் பாத்துட்டு மைதானத்துக்கு இறங்குவான்.

எனக்குத் தெரியாத ஒண்ணை அவன் செஞ்சான். ஒரு கொடியும் அவனைக் காட்டிக்குடுக்கல, விசிலும் ஊதியாச்சு, கப்பு அவன் டீம் கையில இருக்கு, அப்பவும் தூக்கினான். நான் வாயால சொன்னதை அவன் கையால செஞ்சுட்டான். அதைத்தான் என்னால தாங்க முடியல. கப்பு போனதுக்கு அடிக்கல தம்பி. கப்பு போனதுக்குன்னு இத்தனை வருஷம் நெனைச்சுட்டிருந்தேன்.

இதா சாமிவிளை? இந்த வளைவா? கூட்டம் நெறையா இருக்கே. கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க. கிட்டப் போகாதீங்க. இங்கனயே.

அந்த ஃப்ளெக்ஸைப் பாருங்க. வளைவுக்கு இந்தப் பக்கம், பெரிசா. என் படம்தான். கண்ணாடி எங்க வச்சேன், இருங்க. எழுத்தைப் படிங்க தம்பி. "எங்கள் அண்ணன் கைதூக்கி பெருமாள் அவர்களே வருக." சரி. படத்தைப் பாருங்க. என்ன தெரியுது? நான் கை தூக்கியிருக்கேன். அப்புறம்? இடது பக்கம்? ஆமா, வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தன் நிக்கான்ல. கையில என்ன வச்சிருக்கான்? இன்னொரு கை எங்க இருக்கு?

இது வெட்டாத படம். இது எங்க கெடச்சுது இவனுக்கு? அந்த வருஷம் ஒரு டோர்னமெண்ட் மலர் போட்டாங்க, அதுல முழுசா வந்துச்சு. எப்பக் கெடச்சுதோ. முப்பது வருஷம் வாலிபாலே மூச்சா இருக்கவனுக்குக் கொடி நுனியில கை வச்சா என்னன்னு தெரியாதா? தெரிஞ்சும் எதுக்கு அண்ணன்னு போட்டிருக்கான்? எதுக்கு என் பேர்ல கப்பு குடுக்கான்? இல்ல, வெறும் படம்னு பிரிண்ட் கடையில குடுத்துட்டு வந்துட்டானா? யாருகிட்டப் போய்க் கேப்பேன் நான்?

உங்களுக்குச் சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காதுல்ல? பாத்தீங்களா. இந்த ஊர்ல இத்தனை பேர் அது கீழதான் நடந்து போறாங்க. யாரும் நிமிந்து கொடியைப் பாக்கல.

அதோ வாரான். அவன்தான். தலை பூரா நரைச்சுட்டானே. கூட வார பொண்ணு யாரு? மகளா? அந்த ஆறு மாசப் பிள்ளையா? முப்பது வயசாச்சா. சிரிச்சுட்டு வாரான் பாருங்க, அதே சிரிப்பு. இருங்க, கதவைத் திறக்காதீங்க. ஒரு நிமிஷம்.

நீங்க மேடை வரைக்கும் வாங்க தம்பி. வண்டியைப் பூட்டிட்டு வாங்க, உங்க வாடகையை நான் எபனேசர்கிட்டச் சொல்லுதேன். என் கையில மைக்கைக் குடுத்தா நான் என்ன பேசுவேன்னு எனக்கே நிச்சயம் இல்ல. அந்தக் கதை நாப்பத்தாறு வருஷமாப் பழகிருச்சு, வாயைத் திறந்தா அதுவா வந்துரும். வந்துச்சுன்னா, நான் அந்தப் பழைய கதையையே சொல்ல ஆரம்பிச்சேன்னா, நீங்க கூட்டத்துல ஒரு ஓரமா நின்னு கையை மட்டும் தூக்குங்க. ஒண்ணும் பேச வேண்டாம். நான் பாத்துருவேன். ஓரக்கண்ணு எனக்கு எப்பவும் நல்லாத் தெரியும்.